ஆனியில் சொன்ன நோம்புப் பெட்டி

தீபாவளிக்கு அட்டைப்பெட்டி வேண்டுமென்றால் ஆனி மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனியில் எவனுக்குத் தீபாவளி ஞாபகம் வரும்? பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிற நேரம் அது. ஆனால் சிவகாசியில் அச்சடிக்கிறவர்களுக்கு ஆடி தாண்டினால் தலை நிமிர நேரமிருக்காது. பட்டாசுப் பெட்டி, காலண்டர், பெரிய ஸ்வீட் கடைகளின் பெட்டி என்று வரிசை கட்டி நிற்கும். என்னைப்போல் கொஞ்சமாய்க் கேட்கிறவன் அந்த வரிசையின் வாலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஜமுனாமரத்தூரில் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கத்தின் பேக்கிங் கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன். சாமை, தேன், கொட்டை எடுத்த புளி, இதையெல்லாம் கவரில் போட்டு, எடை பார்த்து, ஒட்டி, கீழே கடைகளுக்கு அனுப்பும் வேலை. அதற்கு முன் போளூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சரக்கு பார்த்துக் காலம் தள்ளினேன். மனைவி இறந்துபோன பிறகு அந்த வேலையும் பிடிக்கவில்லை, வீடும் பிடிக்கவில்லை. படவேட்டுப் பக்கம் இருக்கிற என் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கப் பெண்கள் கிளம்பிவிட்டால், மறுநாள் காலை அவர்கள் வரும்வரை நானும் மூட்டைகளும்தான்.

இந்த வேலையில் எனக்கு ஒரு வசதி இருந்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஊர் ஆடிக்குப் படைக்கும்போது நான் தீபாவளியில் இருப்பேன். ஊர் தீபாவளியில் இருக்கும்போது நான் பொங்கல் பெட்டிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பண்டிகையிலும் நின்று சுற்றிலும் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை என்பது தெரிந்துவிடும், அதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் பட்டாசு பாதி, நோம்பு பாதி. அமாவாசையன்று தட்டில் இருபத்தோரு அதிரசம் அடுக்கி, அதே எண்ணிக்கையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். படைத்த மஞ்சள் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் கையில் கட்டிவிடுவார்கள். எல்லா வீட்டுக்கும் நோம்பு கிடையாது. இருக்கிற வீட்டில் அதை நிலத்தைக் காப்பதுபோலக் காப்பார்கள். சாவு விழுந்த வருஷம் நோம்பு எடுக்கக் கூடாது. ஆனால் சேர்ந்தாற்போல் மூன்று வருஷம் விட்டுப்போனால் அந்த வீட்டை விட்டே நோம்பு போய்விட்டது என்பது எங்கள் பங்காளிகளின் கணக்கு.

மனைவி இறந்த வருஷம் எங்கள் வீட்டில் நோம்பு இல்லை. அடுத்த வருஷம் சித்தப்பா போனார், பங்காளித் தீட்டு, அதுவும் விட்டது. இது மூன்றாவது வருஷம். எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது. கோயிலுக்குப் போனால் செருப்பின் மேல்தான் கண் இருக்கும். ஆனால் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் மாவு இடித்து, பாகு காய்ச்சி, நெருப்பில் வெந்து எடுத்த நோம்பு அது. அவள் போனாள், நோம்பும் போயிற்று என்று ஆகக் கூடாது. இந்த வருஷம் எப்படியாவது எடுத்துவிடுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

எடுப்பதென்றால் அதிரசம் வேண்டும். எனக்கு அதிரசம் சுடத் தெரியாது. பாகு பதம் தப்பினால் எண்ணெயில் கரைந்து ஓடும் என்பது மட்டும் தெரியும். என் மகள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். தீபாவளிக்கு அவள் போக வேண்டியது சேலத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்கு. அவளைக் கூப்பிடுவது நியாயமில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என்னைப்போல் நோம்பு இருந்தும் சுட ஆளில்லாத வீடுகள் கீழே எத்தனை இருக்கும்? மலையில் சாமை இருக்கிறது, சாமையில் அதிரசம் சுடத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். நல்ல பெட்டி ஒன்று போட்டு, நோம்பு அதிரசம் என்று கடைகளுக்குக் கொடுத்தால் என்ன?

சங்கத்துக் கூட்டத்தில் சொன்னேன். தலைவியம்மா யோசித்தார். "சுட ஆளில்லாத வூடு அத்தினி கீதாண்ணா?" என்று கேட்டார்.

"கீதும்மா, நெறைய" என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

உடனே சிவகாசிக்குப் போன் போட்டேன். அந்த அச்சகத்துக்காரரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் என்னிடம் அதிகம் பேசிய மனிதர் அவர்தான். காலையில் என் போன் அடித்தால் அவராகத்தான் இருக்கும். கொஞ்சம் வெட்கத்தை விட்டுச் சொன்னால், சில நாள் கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் நானே கூப்பிட்டு, மூடியின் மூலை மடிப்பைப் பற்றி ஏதாவது கேட்டு வைப்பேன். அவரும் சளைக்காமல் பேசுவார்.

"மேல என்ன எழுதணும் அண்ணாச்சி?"

"நோம்பு அதிரசம்னு போடுங்க."

"நோம்பா? ரம்ஜான் முடிஞ்சிருச்சே அண்ணாச்சி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது தீபாவளி நோம்பு என்று விளக்கினேன். அவர்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாதாம். தீபாவளி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கறி தின்பதோடு சரியாம். சரிதான் என்று இருவரும் சிரித்தோம். அன்றைக்கு அந்த ஆள் சிரித்ததிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மற்ற விஷயங்களில் நான் ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தேன். வருஷத்தைப் போடாதே என்றேன், மிஞ்சினால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். பட்டாசுப் படம் வேண்டாம் என்றேன், நோம்புக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம். எண்ணெய் ஊறாத தாள் உள்ளே ஒட்டச் சொன்னேன். அதிரசத்தைப் படுக்க வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் இரண்டு வரிசையாக நிற்கிற மாதிரி அறை போடு, நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு கொடு என்றேன். அதிரசத்தின் அகலத்தையும் தடிமனையும் அளந்து சொன்னேன். வெட்டுவதற்கு முன்பு மாதிரிப் பெட்டி அனுப்பச் சொன்னேன். வந்தது. மஞ்சளும் அரக்குமாக அவ்வளவு லட்சணமாக இருந்தது. எழுத்துப் பிழை பார்த்தேன், மூடி இறுக்கம் பார்த்தேன், கீழே போட்டுக்கூடப் பார்த்தேன். பெண்கள் கையில் வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார்கள். "கல்யாணப் பெட்டியாட்டம் கீதுண்ணா" என்றாள் ஒருத்தி. சரி, அடித்து அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி முடிவதற்குள் பெட்டிகள் வந்துவிட்டன. தட்டையாக மடித்த கட்டுகள், போளூர்வரை லாரியில், அங்கிருந்து மினி லாரியில் மலைக்கு. கீழே இருக்கிற கடைக்காரர்கள் அப்போதுதான் பெட்டியைப் பற்றிப் பேசவே ஆரம்பித்திருந்தார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் அட்டைக்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பலகை அடித்து, மேலே தார்ப்பாய் போட்டு, எலிக்குப் பொறி வைத்து, தினமும் ஒரு கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேறு யாரைத் தொட்டுப் பார்க்க இருக்கிறது?

புரட்டாசியில் ஒரு நாள் ஒத்திகை வைத்தோம். பெண்கள் சாமை மாவில் அதிரசம் சுட்டார்கள். நோம்புக்கு இருபத்தொன்று என்று அன்றைக்குக் காலையில் நான் சொல்லியிருந்ததால் எண்ணித் தாம்பாளத்தில் வைத்தார்கள். நான் ஒரு பெட்டியை மடித்து, கடைக்காரன் தோரணையில் ஒவ்வொன்றாக எடுத்து அறையில் நிறுத்தினேன். இந்த வரிசை நிறைந்தது. அந்த வரிசை நிறைந்தது. கையில் ஓர் அதிரசம் மிச்சம்.

"இது இன்னாண்ணா மிச்சம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எண்ணினேன். வரிசைக்குப் பத்து. எடுத்துவிட்டு மறுபடி எண்ணினேன், அப்போதும் பத்து. அடப்பாவி! இரண்டு வரிசைக்கு இருபது. அகலம் சொன்னேன், தடிமன் சொன்னேன், தாள் சொன்னேன், நிறம் சொன்னேன். எத்தனை என்று மட்டும் சொல்லவே இல்லை, அச்சகத்துக்காரர் தானாகவே வரிசைக்குப் பத்து என்று போட்டுவிட்டார். எங்கள் ஊரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். நோம்பு அதிரசம் என்றாலே இருபத்தொன்று, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மாதிரிப் பெட்டி வந்தபோதும் நான் எண்ணவில்லை. மலையில் நோம்பு வழக்கம் கிடையாது, அதனால் அந்தப் பெண்களுக்கு உறுத்தவில்லை. உறுத்த வேண்டியவன் நான் ஒருத்தன்தான். வீட்டில் அவள் இருந்திருந்தால் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே, "ஏன்யா, ஒண்ணு எங்க?" என்று கேட்டிருப்பாள்.

சிவகாசிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு வரிசைன்னா ரெட்டைப்படையாத்தான வரும் அண்ணாச்சி? இருபத்தொண்ணு எப்படி வரும்?"

"வரணும்யா! நோம்புக்கு அதுதான்யா கணக்கு!"

"நீங்க சொல்லலையே."

வேறு அடித்துத் தர முடியுமா என்றேன். தீபாவளிக்குப் பிறகு தருகிறேன் என்றார். வெளங்கிடும் என்று போனை வைத்தேன். போளூரில் பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, ஒன்றைத் தனியாகக் கவரில் போட்டுத் தந்தால் ஆகுமா என்று கேட்டேன்.

"இன்னாங்க பேசறீங்க? நோம்புத் தட்டுல ஒண்ண மட்டும் தள்ளி வெப்பாங்களா? வாங்கறவங்க மூஞ்சி சுளிப்பாங்க. இருபதுன்னா எனக்கு வேணாங்க."

அவர் சொன்னது சரி. அன்றைக்குப் பெண்கள் போன பிறகு அந்தப் பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி போனால் கொட்டகைக்குப் பெரிய கேடில்லை, மறுபடி புளி கட்டிப் பிழைத்துக்கொள்ளும். கேடு எனக்குத்தான். கடைகள் எடுக்காவிட்டால் அதிரசம் சுட மாட்டார்கள். அதிரசம் இல்லையென்றால் என் வீட்டு நோம்பு அவ்வளவுதான். மூன்று வருஷக் கணக்கு முடிந்துவிடும். கடையில் வேறு அதிரசம் கிடைக்காதா என்றால் கிடைக்கும்தான். ஆனால் இவ்வளவு மாதமாக இந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, என் தட்டுக்கு இதுதான் என்று மனசு ஒட்டிக்கொண்டுவிட்டது. இது உடைந்தால் நானாகப் போய் வேறு வாங்கிப் படைக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். என் புத்தி அப்படி.

நடுவில் இருந்த அட்டைத் தடுப்பை ஆத்திரத்தில் பிடித்து இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது. அட்டையை இரட்டையாக மடித்துக் கூடுபோல வைத்திருந்த தடுப்பு அது, எடுத்ததும் அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சந்து. மிச்சமிருந்த அதிரசத்தை அதில் நீளவாக்கில் செருகினேன். உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்க வரிசையையும் அணைத்துப் பிடித்துக்கொண்டது. மூடினேன், மூடியது. குலுக்கினேன், அசையவில்லை. அட, முன்பைவிட இப்போது இறுக்கமாக இருக்கிறதே என்று தனியாகவே சத்தம் போட்டுச் சொன்னேன்.

போளூர் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "இது ஆவுங்க" என்றார்.

ஆனால் எல்லாப் பெட்டியிலும் அந்தத் தடுப்பைக் கையால்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் கிழியும், பிளேடு போட்டுக் கீறித்தான் எடுக்க வேண்டும். பகலில் பெண்களுக்கு மாவு வேலை. அதனால் சாயங்காலங்களில் நான் எடுத்தேன். ஒரு கட்டைப் பிரிப்பேன், மடிப்பேன், கீறுவேன், எடுப்பேன், மறுபடி தட்டையாக்கி அடுக்குவேன். வெளியே மேகம் இறங்கி, எதிரில் இருக்கிற டீக்கடை விளக்குகூடத் தெரியாது. ரேடியோ போட்டால் இரைச்சல். விரலெல்லாம் அட்டை கீறி எரியும், சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு டம்ளர் அரிசி போட்டுப் பொங்கி, அதிலும் பாதி மிஞ்சும். ஆனியிலேயே சொன்னதால்தான் இத்தனை சாயங்காலம் கையில் இருந்தது. மற்றவர்களைப்போலப் புரட்டாசியில் சொல்லியிருந்தால் பெட்டி ஐப்பசியில் வந்து, பிழையைப் பார்க்கக்கூட நேரமிருந்திருக்காது. முன்கூட்டிச் செய்வதில் லாபம் என்ன என்று கேட்டால் இதுதான் சொல்வேன். தப்பு செய்வதற்கும் நேரம் கிடைக்கும், அதைச் சரிசெய்வதற்கும் கிடைக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கொட்டகை முழுக்க வெல்லப்பாகு வாசனை. பெட்டிகள் போளூர், ஆரணி, வேலூர் என்று போயின. எல்லாம் போயின. போகும்போது ஒன்றை மட்டும் என் அறையில் எடுத்து வைத்தேன். தலைவியம்மா பார்த்துவிட்டு, "யாருக்குண்ணா?" என்றார். "என் வூட்டுக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து பொங்கல் பெட்டிக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. இந்த முறை எத்தனை என்பதை மூன்று தடவை சொன்னேன்.

அமாவாசையன்று காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். வளைவுக்கு வளைவு அதைக் கையால் அணைத்துக்கொண்டேன். வீட்டைத் திறந்தால் பூட்டிய வீட்டு நாற்றம். பெருக்கினேன், கழுவினேன், விளக்கைத் தேய்த்தேன். வெற்றிலை எண்ணினேன், பாக்கு எண்ணினேன், மஞ்சள் எண்ணினேன். அவளுடைய பித்தளைத் தட்டில் அதிரசத்தை அடுக்கினேன். ஒன்றையும் மறக்கவில்லை. ஆனியிலிருந்து யோசித்தவன் எதை மறப்பேன்?

கோயிலில் எல்லாத் தட்டையும் பெண்கள்தான் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. பக்கத்து வீட்டு அண்ணி பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நீயே எடுத்துகினு வந்துட்டியா? நல்லதாப் போச்சு, வுடக்கூடாது" என்றார். பங்காளிகளில் ஒருவர் என் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. படைத்து முடித்துக் கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்தேன். ஆண்களுக்கு வலது கையில் கட்ட வேண்டும். அப்படியென்றால் இடது கையால் கட்ட வேண்டும். ஒரு கையால் எப்படி முடிச்சுப் போடுவது?

இத்தனை வருஷமும் அவள்தான் கட்டிவிட்டாள். பிறகு அவள் கையை நீட்டுவாள், நான் கட்டுவேன், மகளுக்கு இருவரும் சேர்ந்து கட்டுவோம். அதனால் இது எனக்குத் தோன்றவே இல்லை. தொடையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், கயிறு நழுவியது. மறுபடி சுற்றினேன், மறுபடி நழுவியது. எழுந்து பக்கத்து வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார். பிள்ளை கூசிச் சிரித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்தால் உடனே வந்து கட்டிவிட்டிருப்பார், நல்ல மனுஷி. திரும்பி வந்துவிட்டேன்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இடது கையால் நுழைத்து இழுத்தேன். வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு முடிச்சு விழுந்தது. கோணல் முடிச்சுதான். இழுத்துப் பார்த்தேன், நின்றது.

ராத்திரி மகள் சேலத்திலிருந்து கூப்பிட்டாள். நோம்பு எடுத்துவிட்டேன் என்றதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "அய்யோ அப்பா, நெஜமாவா! அம்மா தட்டுலயா? எத்தினி அதிரசம்?" என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கயிறு கட்டிக்கொண்டாயா என்றாள். கட்டிக்கொண்டேன் என்றேன்.

"யாருப்பா கட்டிவுட்டாங்க?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

"நானேதாம்மா. பல்லால இழுத்துக் கட்டிக்கினேன்."

அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வழக்கமாக அவள் அழுதால் நான் பதறிப்போவேன், ஏதாவது சொல்லித் தேற்றுவேன். அன்றைக்குத் தேற்றவில்லை, அழட்டும் என்று போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக யாராவது ஒருத்தர் அழ வேண்டியிருந்தது.